மஞ்சள் விளக்கு எரிந்த செவ்வாய்க்கிழமைகள்

முதலில் எரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காட்டுக்குள். முன்னால் மூங்கில் லாரி, பின்னால் சுற்றுலாக்காரர்களின் வேன், நடுவில் நாங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு குட்டி இன்ஜின் படம் கண் திறந்தது. பக்கத்து சீட்டில் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து உட்கார்ந்திருந்தான். என்ன அது என்று கேட்டான். ஒன்றுமில்லை, உப்பு என்றேன்.

இந்தத் தீவுகளில் எது கெட்டாலும் உப்புதான். மின்விசிறி நின்றால் உப்பு, ரேடியோ கரகரத்தால் உப்பு, பூட்டு திறக்காவிட்டால் உப்பு. அலை வந்த வருடத்துக்குப் பிறகு இன்னும் மோசம். கடல் ஏறி இறங்கிய ஸ்கூட்டர்களும் ஜீப்புகளும் கழுவித் துடைக்கப்பட்டு வருடக்கணக்காகக் கைமாறிக்கொண்டிருந்தன. ஒயரை உரித்தால் உள்ளே பச்சைப் பூ பூத்திருக்கும். என் கார் அப்படி நனைந்ததல்ல. சென்னையில் நாலைந்து பேர் ஓட்டித் தேய்த்த பிறகு கப்பலில் வந்தது. ஆனாலும் உப்பு என்று சொல்லிவிட்டால் மனம் அடங்கிவிடும், மேலே எதையும் தேட வேண்டியதில்லை.

அந்தச் சாலையில் நிறுத்திப் பார்க்கவும் முடியாது. பாராடாங்கிலிருந்து போர்ட் பிளேர் வருகிறவர்கள் ஃபெரியில் வண்டியோடு நீரிணையைக் கடந்து, அக்கரையில் வரிசையில் நிற்க வேண்டும். குறித்த நேரத்தில் முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி, இடையில் எல்லோரும். அதுதான் கான்வாய். காடு ஜாரவா பழங்குடிகளுடையது, நாம் அதன் வழியாகப் போய்வருகிறவர்கள், அவ்வளவுதான். ஜிர்காடாங் செக்போஸ்ட் வரும்வரை நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, இறங்கக்கூடாது. ஒன்றரை மணி நேரம் போல. அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித்தான் அண்ணனின் உயிர் இருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் அவனுக்கு டயாலிசிஸ். மெஷின் போர்ட் பிளேரில்தான். நான் திங்கள் மதியம் ஆபீசில் சொல்லிவிட்டு பாராடாங் போவேன்; அவன் குடிசையில் படுப்பேன்; செவ்வாய் காலை முதல் கான்வாயில் கூட்டிவருவேன். அங்கே ஜங்லிகாட் பகுதியில் என் மாடி வீட்டில் வெள்ளிவரை இருப்பான். சனிக்கிழமை, ரத்தம் சுத்தமான தெம்பில், பஸ் ஏறிப் போய்விடுவான். இங்கேயே இரு என்று நானும் என் மனைவியும் கேட்காத வாரமில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற வீட்டில் அதற்குமேல் அவனால் இருக்க முடியாது. பாராடாங்கில் அவன் இருந்தது கழிமுகத்து ஓரம். அங்கே தண்ணீர் சத்தம் போடாது. சேற்றில் நுழையும், சேற்றிலிருந்து வடியும்.

எங்கள் இருவரையும் அம்மா பெற்றது சிலோன் மலையில், தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில். சர்க்கார் எங்களைக் கப்பலேற்றி அனுப்பி, நிக்கோபாரில் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். ஏழு வயது இளையவன் என்பதால் எனக்குப் படிப்பு, அவனுக்குப் பால்வெட்டுக் கத்தி. நான் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஆபீசில் குமாஸ்தாவானேன். அலை வந்த காலையில் அவன் மேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். கீழே வீட்டில் அண்ணியும் அவர்களின் மகளும். இதற்குமேல் அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் எழுதப்போவதில்லை.

அலைக்குப் பிறகு நிவாரண முகாமில் இருந்தபோது, மெயின்லேண்டிலிருந்து வந்த ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் அவனுக்கு ஒரு ஃபைபர் படகு கொடுத்தது, பின்னால் மாட்டுகிற பெட்ரோல் இன்ஜினோடு. ரப்பர் வெட்டத் தெரிந்தவனுக்குப் படகு. கடலைப் பார்த்தால் வாந்தி எடுப்பவனுக்குப் படகு. வரிசையில் நின்றார்கள், கொடுத்தார்கள், கைரேகை வைத்து வாங்கிக்கொண்டான். முகாமிலிருந்து பாராடாங்கில் குடியேறிய பிறகு, பக்கத்து வீட்டு வங்காளி ஒருவர் அதை ஓட்டி மீன் பிடித்தார். அண்ணன் ஒருநாளும் அதில் கால் வைக்கவில்லை. இன்ஜினும் நீல நிற பெட்ரோல் கேனும் மட்டும் அவன் கட்டிலுக்கடியில் இருக்கும். அந்த வாசனையிலேதான் நான் திங்கட்கிழமைகளில் தூங்கினேன்.

விளக்கு எரிந்ததும் ஜங்லிகாட்டில் இருக்கிற கார் மிஸ்திரியிடம் போனேன். ராமநாதபுரத்துக்காரர், முப்பது வருடமாகத் தீவில். சண்டை தமிழில் போடுவார், வேலையை இந்தியில் பேசுவார், குமாஸ்தா என்பதால் என்னை பாபு என்பார். அவரும் பானெட்டைத் தூக்கிவிட்டு உப்பு என்றுதான் சொன்னார். கனெக்டர்களை எல்லாம் கழற்றி பிரஷ் போட்டுத் தேய்த்தார். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியதும் விளக்கு அணைந்தது. இரண்டு செவ்வாய் நிம்மதி. மூன்றாவதில் திரும்ப எரிந்தது. கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், தீவில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது என்றார். ஒட்டினேன். டேப்பின் ஓரத்தில் மஞ்சள் கசிந்தது. ராத்திரி கண்ணை மூடினாலும் கசிந்தது.

பிறகு ஒரு செவ்வாயன்று, காட்டின் நடுவே ஒரு ஏற்றத்தில், வண்டி மூச்சு வாங்கியது. மிதிக்கிறேன், கேட்கவில்லை. துணியை வாயில் அடைத்துக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி. முன்னால் லாரி தூரமாகப் போய் வளைவில் மறைந்தது. பின்னால் வேனுக்குப் பின் வேனாக ஹாரன். கடைசியில் போலீஸ் வண்டி என் பக்கத்தில் வந்து, இறங்காமல் ஜன்னல் வழியாகவே திட்டியது. முதல் கியரில் ஊர்ந்தேன். அண்ணன் டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்தான், மாட்டைத் தடவுவதுபோல. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவனுடைய மெஷினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உதடு சாம்பல் பூத்திருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆகக்கூடாது என்று அந்த பெஞ்சில்தான் நினைத்தேன்.

மறுநாள் மிஸ்திரியிடம் கத்திவிட்டேன். அவர் போய், யாரிடமோ இரவல் வாங்கி, உள்ளங்கை அகலத்தில் ஒரு மெஷின் கொண்டுவந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியதும் ஒரு எண் வந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்டர் என்றார். சைலன்சருக்கு முன்னால், வயிறு உப்பிய குழாய் மாதிரி இருக்கிற உருப்படி. உள்ளே தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி. இன்ஜின் கக்குகிற விஷத்தை அதுதான் சுத்தம் செய்து வெளியே விடுகிறது.

எனக்கு அந்த நேரத்தில் என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்திரி எண்ணோடு நிற்கவில்லை. கன்வெர்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். வசதியானவர்கள் வாங்கிய மாடல், அதனால்தான் பின்னாலும் இருக்கிறது என்றார். மெஷினின் சின்னத் திரையில் இரண்டு கோடுகள் ஓடின. முன்னால் இருப்பது குதிக்க வேண்டும், அது அதன் வேலை. பின்னால் இருப்பது வற்றிய ஓடை மாதிரி சும்மா கிடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து குதித்தன. அப்படியென்றால் நடுவில் இருப்பது வேலை செய்யவில்லை.

"ஆனா கன்வெர்டர் தானாச் சாகாது பாபு. யாராவது கொல்லணும்."

பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் கறுத்து, ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தன. பிஸ்டன் தேய்ந்து இன்ஜின் ஆயில் மேலே ஏறுகிறதோ என்று அழுத்தம் பார்த்தார், நன்றாக இருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். போன மாதம் ஊற்றிய அளவு ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஆயில் எரிகிறது, ஆனால் குறையவில்லை. குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போனவர், ஏதோ தோன்றி அதைக் காதில் செருகிக்கொண்டு, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மோந்தார். ஒரு ஒயரை உள்ளே விட்டு எடுத்து விரலில் தேய்த்தார்.

"பாபு, இது காரா படகா? டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல யாரு இதுல ஊத்துறா?"

பங்க்கில் கலப்படம் என்று நான் ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு நின்றது. மாதக்கணக்காக என் பெட்ரோல் முள் ஒழுங்காக இறங்கவே இல்லை. பாராடாங் போகும்போது இறங்கும். காலையில் கிளம்பும்போது ஏறியிருக்கும். முள் கெட்டுவிட்டது, உப்பு, என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய் காலைகளில் நான் பல் தேய்த்துக் குளிக்கக் கிணற்றடிக்குப் போவேன். கால் மணி நேரம் ஆகும். காரின் பெட்ரோல் மூடியில் பூட்டு உடைந்திருந்தது, விரலால் திறக்கலாம். கட்டிலுக்கடியில் நீலக் கேன். படகுக்கு வாடகையாக மீனோடு பெட்ரோலும் தரச் சொல்லி பக்கத்து வீட்டுக்காரரிடம் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படகு இன்ஜினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். கலந்துதான் கேனிலேயே வைப்பார்கள். கார் அதைக் குடிக்கக்கூடாது என்பது ரப்பர் வெட்டியவனுக்கு எப்படித் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மனைவி அவனுக்கென்று அளந்து வைத்த அரை டம்ளர் தண்ணீர் கையில். எத்தனை நாளாக என்றேன். எதை என்று கேட்கவில்லை, மறைக்கவும் இல்லை.

"ஓசியில போறதுக்கு நான் என்னா பொணமா தம்பி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்திருக்கலாம். அவன் தரக்கூடியது அது ஒன்றுதான், அதையும் நான் பார்க்காத நேரத்தில் தந்திருக்கிறான் என்பது அப்போதே எனக்கு விளங்கியது. விளங்கியும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நாளின் கோபம் வாயில் இருந்தது.

"நீ ஊத்துனதுதான் வண்டியக் கொன்னுடுச்சு. வண்டி நின்னா நீ என்ன ஆவேன்னு யோசிச்சியா?"

அரை டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தான். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னான், முதலில் வண்டியைச் சரிபண்ணு, அப்புறம் வருகிறேன் என்று.

சரிபண்ண இரண்டு வழி. ஒன்று, மிஸ்திரி சொன்னது: கன்வெர்டரை அறுத்து, உள்ளே இருக்கிற தேன்கூட்டைக் கம்பியால் குத்தி உதிர்த்துக் கொட்டிவிட்டு, வெறும் கூட்டைத் திரும்ப வெல்டிங் அடிப்பது. ஒரு மணி நேர வேலை. சத்தம் பெருகும், புகை நாறும், விளக்கு எப்போதும் எரியும், ஆனால் வண்டி ஓடும். இரண்டாவது, சென்னையிலிருந்து நல்ல கன்வெர்டர் வரவழைப்பது. வியாழக்கிழமைக் கப்பலில் வந்துவிடும்.

வண்டியின் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை. குத்தி எடுத்தால் புகை முழுக்க உள்ளேதான் வரும். ஏற்கனவே விஷம் ஏறிய உடம்பு அவனுடையது. அதனால் காத்திருக்கலாம் என்றேன். மிஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வியாழக்கிழமைக் கப்பல், பாபு? நீங்களா சொல்றீங்க?"

கப்பல் லேட் என்று வருடம் முழுக்க ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்வதுதான் என் உத்தியோகம். கல்யாணத்துக்குப் போகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன், சாவுக்குப் போகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தும் எனக்கென்று வந்தபோது, வியாழக்கிழமை என்று எழுதியிருந்ததை நம்பினேன், அண்ணனிடமும் அதையே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருவதாக போனில் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ் பார்த்தேன், வரவில்லை. போன் செய்தால், மூன்று நாள் தண்ணீர் தேங்கிய கால்களைப் பஸ் படியில் தூக்கி வைக்க முடியவில்லையாம். வாடகை ஜீப் பிடிக்கச் சொன்னேன். எதுக்கு, கப்பல் வந்துவிடும்தானே என்றான். என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தான். புதன்கிழமை நானே பஸ் ஏறிப் போய்க் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்குவரை அந்தப் புதன்கிழமையைத்தான் திருப்பித் திருப்பி வாழ்கிறேன். அன்று ஆபீசில் உட்கார்ந்து வரிசையாக டிக்கெட் கிழித்தேன். மதியம் முட்டை சாதம் சாப்பிட்டேன். வெயில் நன்றாக அடித்தது.

வியாழன் காற்று எழுந்தது. கப்பல் வரவில்லை. வெள்ளி, சாலையில் மரங்கள் விழுந்தன, நீரிணையில் ஃபெரி நிறுத்தப்பட்டது, போன் செத்தது. சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டே மிஸ்திரி வீட்டுக்கதவைத் தட்டி, குத்தி எடுத்துவிடுங்கள் என்றேன். உதிர்ந்து விழுந்ததைக் காட்டினார். கரி பிடித்து, ஓட்டைகள் எல்லாம் அடைந்து, ஒரு பிடி. தேன்கூடு என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

திங்கள் மதியம் ஃபெரி திறந்தது. நான்தான் முதல் வண்டி. வண்டி லாரிபோலக் கத்தியது, கண் எரிந்தது, ஆனால் ஏற்றங்களில் பறந்தது. வாங்கிய நாளிலிருந்து அது அப்படி ஓடியதில்லை.

அண்ணன் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். படுத்தால் மூச்சு விட முடியவில்லை. முகம் வேறு யாருடையதோ. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஊசி போடவைத்திருக்கிறார். அங்கே உடனே போர்ட் பிளேர் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வடக்கே ரங்கத் ஊர்ப் பக்கம், விழுந்த மரத்துக்கு அந்தப் புறம் நின்றுவிட்டது. கடைசி கான்வாய் போய்விட்டிருந்தது. காலைவரை கேட் திறக்காது. அந்த இரவைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, அவன் மூச்சு விட்டான், நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிந்து நான் கார் கதவைத் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக் கேனைத் தூக்கிவந்தார். இருபது லிட்டர். மூடியில் வேட்டித் துணி கட்டியிருந்தது. நீலக் கேனோடு மாறிவிடக்கூடாது என்று அண்ணன் கட்டிய அடையாளம். காற்று எழுமுன்பே ரங்கத் பங்க்குக்கு ஆள் அனுப்பி வாங்கிவைத்திருக்கிறான். ஏற நேரமாகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஏற மாட்டேன் என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இதுல எண்ணெய் இல்ல. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். சுத்தமான பெட்ரோல். அவன் கண் முன்னால் கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன். முள் ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் கையைக் கொடுத்தான்.

முதல் கான்வாய். நான்காவது வண்டி நாங்கள். டேப் எப்போதோ உரிந்து விழுந்திருந்தது, மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெறும் குழாய் எழுப்பிய இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. புகை தரைவழியாக வந்தது, நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டேன். பாதி வழியில் அண்ணன் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். உதடு அசைந்தது தெரியும். என்ன, என்ன என்று கத்தினேன். இன்னொரு முறை சொன்னான். கேட்கவில்லை. முன் வண்டியைப் பார்க்க வேண்டியிருந்தது, வளைவு. ஜிர்காடாங் போய்ச் சொல்லு என்று கையால் காட்டினேன். தலையை ஆட்டினான் என்றுதான் நினைக்கிறேன். சாலை மோசம், எல்லோர் தலையும் ஆடும்.

செக்போஸ்ட்டில் இன்ஜினை அணைத்தேன். இரைச்சல் நின்றது. முதலில் பறவைகள் கேட்டன, பிறகு டீக்கடை ரேடியோ. பக்கத்து சீட்டிலிருந்து எதுவும் கேட்கவில்லை. அவன் கை டாஷ்போர்டின் மேல் இருந்தது. பேப்பர் பார்க்க வந்த போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்து, தொப்பியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, காகிதங்கள், கையெழுத்துகள். பாராடாங்கில்தான் எரிக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தான், சத்தமில்லாத தண்ணீர் ஓரத்தில். மதியக் கான்வாயில் அதே காரில் கொண்டுபோனோம். பின்சீட்டில் என் மனைவி மடியில் தலை. மிஸ்திரியும் கடையைச் சாத்திவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார். வழியில் பங்க்கைப் பார்த்ததும் பெட்ரோல் போட வேண்டாமா பாபு என்றார். முள்ளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் நின்றது. உப்பு இல்லை, முள் சரியாகத்தான் காட்டியது. வேண்டாம், அண்ணன் போட்டிருக்கிறான் என்றேன்.